64×64 நாயகி நடக்க மறுக்கிறாள்: அளவைக் குறைப்பதா, பொறுமையாக வரைவதா?

கட்டப்பூனை:
மேலிருந்து பார்க்கும் கோணத்தில் ஒரு சின்ன சாகச கேம், கோடோ 4 என்ற கேம் இன்ஜினில் செய்துகொண்டிருக்கிறேன். இலவசத் தொகுப்புகளில் வரும் அதே முகங்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது, அதனால் நாயகியை நானே அசெப்ரைட் என்ற பிக்சல் ஓவிய மென்பொருளில் 64×64 பிக்சல் கேன்வாஸில் வரைந்தேன். நிற்கும் படம் நன்றாகவே வந்திருக்கிறது. நீளப் பின்னல், சால்வையில் மடிப்பு, இடுப்பில் கத்தி, கத்தி உறையில் பூவேலை எல்லாம் உண்டு. பிரச்சினை நடக்க வைக்கும்போதுதான். ஒவ்வொரு ஃப்ரேமிலும் (அசைவின் ஒவ்வொரு படத்திலும்) மடிப்பு ஒவ்வொரு இடத்தில் விழுகிறது, உறையின் பூ ஒன்றில் பூவாகவும் அடுத்ததில் அழுக்காகவும் தெரிகிறது, ஓடவிட்டால் உடம்பு முழுக்க நெளிகிற மாதிரி இருக்கிறது. இன்னும் ஒரு திசைகூட முடியவில்லை. 4 திசை வேண்டும், நடை, தாக்குதல், அடிபடுதல் வேண்டும், அப்புறம் ஊர்க்காரர்கள் பன்னிரண்டு பேர் வேறு. அளவைக் குறைத்து மறுபடி ஆரம்பிக்கலாமா, இதையே பொறுமையாகச் செய்தால் கைவருமா? கேமின் ரெசல்யூஷனை (திரைக்கு எத்தனை பிக்சல் என்று) இன்னும் முடிவு செய்யவில்லை.

இரவாந்தை:
கடைசி வரியில் சொன்னதுதான் முதலில் தீர்க்க வேண்டியது. ரெசல்யூஷன் முடிவாகாமல் ஆளின் அளவைப் பேசிப் பயனில்லை. இன்றைய திரைகளுக்கு 320×180 அல்லது 640×360 வசதியானது. 320×180-ஐ 4 மடங்கு பெருக்கினால் 1280×720, 6 மடங்கு 1920×1080, 12 மடங்கு 3840×2160, எங்கும் பின்னம் வராது. செலஸ்ட் என்ற கேம் 320×180-இல்தான் வரையப்பட்டிருக்கிறது. அந்தத் திரையில் 64 பிக்சல் உயரத்துக்கு ஒருத்தி நின்றால் திரை உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அவளே, எதிரி எந்தப் பக்கம் வருகிறான் என்று ஆடுகிறவருக்குத் தெரியப் போவதில்லை. 640×360-இல் அவள் பொருந்துவாள், ஆனால் மரம், சுவர், தரை, குடிசை எல்லாவற்றையும் அவளுடைய நுணுக்கத்துக்கு வரைந்தாக வேண்டும். அதைத் தனியாக ஒருவர் செய்வதா என்று யோசியுங்கள்.

அடுத்தது வேலைக் கணக்கு. நடை 6 ஃப்ரேம், தாக்குதல் 5, நிற்றல் 4, அடிபடுதல் 2, ஆக ஒரு திசைக்கு 17. நான்கு திசைக்கு 68. வலப்பக்கத்தைத் திருப்பிப்போட்டு இடப்பக்கம் ஆக்கினால் 51. 64×64 கட்டத்தில் 4096 பிக்சல், 16×24 கட்டத்தில் 384, பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம். உறையில் இருக்கும் பூவை ஒரு தடவை வரைந்துவிட்டதாக நினைக்கிறீர்கள், இல்லை, இன்னும் ஐம்பது தடவை பாக்கி இருக்கிறது, அதுவும் கத்தி சாயும்போதெல்லாம் பூவும் சாய வேண்டும். ஸ்ப்ரைட்டில் (திரையில் அசையும் ஆளின் படத்தில்) எந்த விவரம் சேர்த்தாலும் இந்தப் பெருக்கலைப் போட்டுப் பார்த்துவிட்டுச் சேர்ப்பது நல்லது. பாதி ஆசை அங்கேயே அடங்கிவிடும்.

என்னைக் கேட்டால் 320×180, 16×16 டைல் (தரை, சுவருக்கு அடுக்கும் சதுரத் துண்டு), ஆள் 16×24. ஸ்டார்டியூ வேலி கேமில் ஆட்கள் 16×32 ஃப்ரேமில்தான் நடமாடுகிறார்கள், யாரும் அடையாளம் தெரியாமல் போய்விடவில்லை.

தூரிகைவால்:
சின்னது என்றால் சுலபம் என்பது பாதி உண்மைதான், அதைச் சொல்லாமல் விட்டால் கட்டப்பூனை அடுத்த மாதம் வேறு கேள்வியோடு வருவார். 24 பிக்சல் உயர உடம்பில் தலையை ஒரு பிக்சல் இறக்கினாலே அது பெரிய குனிவு. 64-இல் மெதுவாக மூச்சு வாங்க வைக்கலாம், 24-இல் அந்த இடைப்பட்ட அசைவுக்கு இடமே கிடையாது. அதற்குப் பிக்சலை நகர்த்தாமல் நிறத்தை நகர்த்தும் வழி இருக்கிறது: தோள் விளிம்பில் ஒளி பட்ட பிக்சலை ஒரு படி இருட்டாக்கி, பக்கத்துப் பிக்சலை ஒரு படி வெளிச்சமாக்கினால் அரைப் பிக்சல் அசைந்த மாதிரி கண் ஏமாறும். சப்-பிக்சல் அனிமேஷன் என்பது இதுதான். பழகக் கொஞ்சம் நாளாகும், ஆனால் நிற்கும் அனிமேஷன் உயிரோடு இருப்பதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

அப்புறம் முகம். 16 அகலத்தில் கண் ஒரு பிக்சல் அல்லது இரண்டு, வாய் பெரும்பாலும் வேண்டாம். உங்களுக்குப் பின்னலும் சால்வையும் பூவேலையும் மனதில் இருந்தால் அதையெல்லாம் உரையாடல் பெட்டியில் வரும் பெரிய முகப்படத்துக்கு ஒதுக்குங்கள். அது அசையாது, எவ்வளவு வேண்டுமானாலும் இழைக்கலாம்.

இலைநரி:
பெரிய ஸ்ப்ரைட்டே கூடாதா? சண்டை கேம்களில் எல்லாம் பெரிதாகத்தானே இருக்கிறது?

இரவாந்தை:
அங்கே திரையில் இரண்டே பேர், பக்கவாட்டுக் கோணம் மட்டும், நான்கு திசை கிடையாது. அப்படியும் அதற்கென்றே ஓவியர் குழு உட்கார்ந்திருக்கும். டெட் செல்ஸ் கேமைச் செய்தவர்கள் இன்னொரு வழி பிடித்தார்கள்: ஆளை 3டி மாடலாகச் செய்து, அசைத்து, அதைச் சின்ன ரெசல்யூஷனில் பிக்சலாக ரெண்டர் செய்துகொண்டார்கள். ஆடையோ ஆயுதமோ மாறினால் எல்லா ஃப்ரேமும் மறுபடி வரைய வேண்டியதில்லை. 3டி தெரிந்தவருக்கு அது நல்ல வழி, கையால் வரையும் ருசி வேண்டும் என்பவருக்கு அல்ல.

பழையகட்டம்:
குறைந்த பிக்சலில் ஆளை எப்படிச் சொல்வது என்பதற்குப் பழைய கேம்களைவிட நல்ல பாடம் கிடையாது. 1981-இல் டாங்கி காங் கேமில் வந்த மாரியோவை எடுத்துக்கொள்ளுங்கள். தலைமுடியை வரைந்து அசைக்க இடமில்லை, அதனால் தொப்பி. மூக்கும் வாயும் பிரிந்து தெரியவில்லை, அதனால் மீசை. கை வீசுவது உடம்போடு கலந்து மறையக் கூடாது, அதனால் சட்டை ஒரு நிறம், மேலே போட்ட ஓவரால் வேறு நிறம். உலகம் முழுக்கத் தெரிந்த அந்த உருவம் இடப்பற்றாக்குறையில் பிறந்தது.

நின்டெண்டோவின் என்.இ.எஸ். கேம் கருவி வந்த பிறகும் நிலைமை பெரிதாக மாறவில்லை. ஒரு ஸ்ப்ரைட் பேலட்டில் (நிறத் தொகுப்பில்) 3 நிறமும் ஒளிபுகும் நிறம் ஒன்றும்தான், அப்படி 4 பேலட். ஒரே கிடைவரிசையில் 8 ஸ்ப்ரைட்டுக்கு மேல் காட்டாது, மிஞ்சினால் சிலது மறையும், பழைய கேம்களில் ஆட்கள் மினுங்கியது அதனால்தான். மெகா மேன் கேமின் நாயகன் முகத்துக்குத் தோல் நிறம் வேண்டும் என்று முகத்தைத் தனி ஸ்ப்ரைட்டாக உடம்பின் மேல் வைத்தார்கள். நமக்கு இன்று அந்தக் கட்டாயம் இல்லை, ஆனால் கேள்வி அதே கேள்விதான்: சால்வையும் சட்டைக் கையும் ஒரே நிறமாக இருந்தால் உங்கள் நாயகி கை வீசுவது யாருக்குத் தெரியும்?

ஒரு சோதனை செய்து பாருங்கள். நிற்கும் ஃப்ரேமை முழுக்கக் கறுப்பால் நிரப்பி, அளவைப் பெருக்காமல் பாருங்கள். பின்னல் தெரிகிறதா, கத்தி தெரிகிறதா, ஊர்க்காரியிலிருந்து வேறாகத் தெரிகிறாளா? கறுப்பு உருவில் தெரியாதது உள்ளே நிறம் போட்டாலும் ஓட்டத்தில் தெரியாது. நாள் முழுக்கப் பத்து மடங்கு பெருக்கி வைத்து வரைவதால் இது மறந்தே போகும், அசெப்ரைட்டில் முன்னோட்டச் சாளரத்தை எப்போதும் அசல் அளவில் திறந்து வைத்திருங்கள்.

கட்டப்பூனை:
சரி, மனதைக் கல்லாக்கிக்கொண்டு 320×180, 16×24 என்று முடிவு செய்துவிட்டேன். கறுப்புச் சோதனையில் கத்தி காணாமல் போனது, அதனால் பிடியை இடுப்புக்கு வெளியே இரண்டு பிக்சல் நீட்டினேன், இப்போது தெரிகிறது. பின்னலை முதுகில் தொங்கவிடாமல் கழுத்தருகே கொஞ்சம் தள்ளி விட்டிருக்கிறேன். இப்போது நிறம் தகராறு. அவள் கறுப்பு. தோலுக்கு நிழல் போடக் கறுப்பைக் கலந்தால் சேறு மாதிரி ஆகிறது, வெள்ளையைக் கலந்தால் சாம்பல் பூத்த மாதிரி ஆகிறது.

ஏழுநிறம்:
கறுப்பையும் வெள்ளையையும் கலக்காதீர்கள், அவ்வளவுதான் விஷயம். வெளிச்சத்தைக் குறைக்கும்போது நிறச்சாயலையும் சேர்த்து நகர்த்த வேண்டும். உங்கள் நடு நிறம் செம்பழுப்பு என்றால் நிழலை ஊதா பக்கம் தள்ளுங்கள், ஒளியை ஆரஞ்சு, மஞ்சள் பக்கம் இழுங்கள். நிழல், நடு, ஒளி என்று மூன்று படி போதும், 24 உயரத்தில் நாலாவது படிக்கு வேலை கிடையாது. கறுத்த தோலில் ஒளிப்புள்ளி வெளுத்த தோலைவிடப் பளிச்சென்று விழும், நெற்றியிலும் மூக்கின் மேலும் ஒற்றைப் பிக்சல் துணிந்து வையுங்கள். எல்லா விளிம்பையும் சுற்றி இருட்டாக்கி நடுவில் மட்டும் வெளிச்சம் வைப்பதைத் தவிருங்கள், தலையணை மாதிரி உப்பிவிடும், அதற்குப் பில்லோ ஷேடிங் என்றே பெயர். ஒளி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று முடிவு செய்து, எல்லா ஆட்களுக்கும் மரங்களுக்கும் அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

நிறங்களைத் தனித்தனியாகத் தேடி அலைவதைவிட ஒரு தயார்ப் பேலட்டில் தொடங்குவது புத்திசாலித்தனம். லாஸ்பெக் தளத்தில் குவிந்து கிடக்கின்றன. டான்பிரிங்கர் 16, 32 இரண்டும் பழையவை, பலர் கைபட்டவை. பிகோ-8 என்ற கற்பனைக் கேம் கருவியின் 16 நிறமும் அழகுதான், ஆனால் பழுப்பில் படிகள் குறைவு, உங்கள் நாயகிக்குக் கஷ்டம். 32 நிறப் பேலட் எடுங்கள். முக்கியமாக இண்டெக்ஸ்டு முறையில் வரையுங்கள். அப்போதுதான் பிறகு பேலட்டில் ஒரு நிறத்தை மாற்றினால் அதை வைத்த எல்லா ஃப்ரேமிலும் மாறும்.

இலைநரி:
அவுட்லைன் போடலாமா வேண்டாமா? கறுப்புக் கோடு போட்டால் பழைய கார்ட்டூன் மாதிரி இருக்கிறது என்கிறார்கள்.

ஏழுநிறம்:
16 அகலத்தில் சுற்றி ஒரு கறுப்புக் கோடு என்றால் இரண்டு பக்கமும் சேர்த்து 2 பிக்சல் போயிற்று, எட்டில் ஒரு பங்கு. எனக்கு அது வீண். கோட்டை உள்நிறத்தின் இருண்ட படியிலேயே போட்டு, ஒளி படும் பக்கம் கோட்டையே எடுத்துவிடுவேன்.

பழையகட்டம்:
ஒப்புக்கொள்ள மாட்டேன். தரை பச்சையாக இருக்கும்போது அழகாகத் தெரிகிற அதே ஆள், குகைக்குள் போனதும் காணாமல் போவாள். நாயகி கறுத்த தோல், நிழலோ ஊதா, குகையும் ஊதா. முழு அவுட்லைன் எந்தப் பின்னணியிலும் ஆளைப் பிரித்துக் காட்டும். உங்கள் முறை ஓவியமாக அழகு, கேமில் ஆபத்து.

ஏழுநிறம்:
அப்படியென்றால் குகைத் தரையை மங்கலாக வரையுங்கள். ஆளுக்கும் தரைக்கும் வேறுபாடு வேண்டும் என்றால் மாற வேண்டியது தரைதான். பின்னணியில் நிறச் செறிவைக் குறைத்து, ஆட்களுக்கு மட்டும் அழுத்தமான நிறத்தை ஒதுக்கினால் கோடே தேவைப்படாது.

பழையகட்டம்:
தரையை அவரே வரைகிறார் என்றால் சரி. வேறு தொகுப்பிலிருந்து எடுத்த டைல் என்றால் நான் சொன்னதுதான்.

நாலுமூலை:
நடுவே புகுந்து கேட்கிறேன், இவ்வளவு பாடு எதற்கு? ஏஐ-யிடம் கேட்டால் எல்லா ஃப்ரேமும் அடங்கிய ஸ்ப்ரைட் ஷீட்டே கொடுக்கிறதே.

இரவாந்தை:
வாங்கிப் பெருக்கிப் பாருங்கள். பெரும்பாலும் பிக்சல் மாதிரி தோன்றும் படம்தான் வரும். கட்டங்கள் ஒரே அளவில் இருக்காது, ஒரு கட்டத்துக்குள்ளேயே பத்து நிறம் இருக்கும், மூன்றாவது ஃப்ரேமில் கத்தி இடுப்பு மாறியிருக்கும். அதைச் சரிசெய்து, நிறம் குறைத்து, கட்டத்தில் உட்கார வைக்கும் நேரத்துக்கு 16×24 ஆளை வரைந்தே முடித்துவிடலாம். ஸ்டீம் கேம் கடையில் வெளியிடுவதாக இருந்தால் கேமில் ஏஐ உருவாக்கியது எது என்று சொல்லவும் வேண்டும். வேகமாக வேண்டும் என்றால் லிபரேட்டட் பிக்சல் கப் தொகுப்பு இருக்கிறது, 2012-இல் நடந்த போட்டியிலிருந்து வளர்ந்தது. உடம்பு, முடி, ஆடை, ஆயுதம் எல்லாம் அடுக்கடுக்காக 64×64 ஃப்ரேமில் பொருந்தும், உலாவியிலேயே ஆளைக் கோர்த்து எடுத்துவிடலாம். உரிமத்தை மட்டும் படித்துவிட்டு எடுங்கள், வரைந்தவர்கள் பெயரையெல்லாம் கேமில் போட வேண்டும், சிசி-பை-எஸ்ஏ வகை என்றால் மாற்றியதையும் அதே உரிமத்தில்தான் பகிர வேண்டும்.

தூரிகைவால்:
காசு கொடுத்து வரைய வைப்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். "ஒரு ஹீரோ வேண்டும்" என்று கேட்டால் ஓவியர் அழகான நிற்கும் படம்தான் தருவார், பிறகு ஒவ்வொரு அசைவுக்கும் தகராறு வரும். அளவு, பேலட், எந்த அசைவுக்கு எத்தனை ஃப்ரேம், எந்தத் திசை என்று எழுதிக் கொடுங்கள். முதலில் ஒரே ஒரு பக்க நடையைக் காசு கொடுத்தே செய்து வாங்கி, கேமில் ஓடவிட்டுப் பார்த்த பிறகு மற்றதைப் பேசுங்கள். லேயர் (அடுக்கு) கலையாத மூலக் கோப்பும் கைக்கு வர வேண்டும், வெறும் பி.என்.ஜி. மட்டும் வந்தால் நாளைக்குச் சால்வை நிறம் மாற்றக்கூட அவரிடமே போக வேண்டும்.

கட்டப்பூனை:
நடை வந்துவிட்டது! நெளிவு போய்விட்டது. பக்கவாட்டில் 6 ஃப்ரேம், எல்லாம் 100 மில்லிசெகண்ட். அசெப்ரைட்டில் நன்றாக நடக்கிறாள், கேமில் பனிக்கட்டியில் சறுக்குகிற மாதிரி இருக்கிறது. தவிர, தாக்கும்போது உடம்பே பக்கவாட்டில் ஒரு குதி குதிக்கிறது.

தூரிகைவால்:
சறுக்கலுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தால் போதும். கால்கள் அதிகபட்சம் விரியும் ஃப்ரேமில் ஒரு எட்டுக்கு (ஒரு காலடிக்கு) எத்தனை பிக்சல்? 6 என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றில் இரண்டு எட்டு, ஆக 12 பிக்சல். 6 ஃப்ரேம் 100 மில்லிசெகண்ட் வீதம் ஓடினால் ஒரு சுற்றுக்கு 0.6 செகண்ட், அதாவது செகண்டுக்கு 20 பிக்சல் நடை. நிரலில் வேகம் 60 என்று போட்டிருந்தால் தரை மூன்று மடங்கு ஓடுகிறது, சறுக்காமல் என்ன செய்யும். ஃப்ரேமை 50 மில்லிசெகண்டாக்கி, எட்டை 8 பிக்சலாக அகட்டினால் 53 வரும், மீதியை நிரலில் குறைத்துக்கொள்ளுங்கள். எட்டை அகட்டுவது கால் நீளத்துக்கு மீறியதாகத் தோன்றும், பரவாயில்லை, சின்ன ஸ்ப்ரைட்டில் மிகைதான் இயல்பாகத் தெரியும். முன்பக்க, பின்பக்க நடையில் இந்தச் சிக்கல் அவ்வளவு தெரியாது, அங்கே 4 ஃப்ரேமே போதும்.

கூடவே ஒன்று: பின்னலை உடம்போடு சேர்த்து அசைக்காதீர்கள். உடம்பு எழும்பும் ஃப்ரேமுக்கு அடுத்த ஃப்ரேமில் பின்னல் நுனி எழும்பட்டும். அந்த ஒரு ஃப்ரேம் தாமதத்தில்தான் கனம் தெரியும்.

இரவாந்தை:
குதிப்பதற்குக் காரணம் கேன்வாஸ் என்று நினைக்கிறேன். தாக்கும் ஃப்ரேமில் கத்தி வெளியே நீள்வதால் அதை மட்டும் அகலமாக்கியிருப்பீர்கள், இன்ஜின் ஒவ்வொன்றையும் அதன் நடுவை வைத்து உட்கார்த்துகிறது, நடு மாறியதும் ஆள் நகர்கிறாள். 16×24 என்பது ஆளின் அளவு, கேன்வாஸ் அளவு அல்ல. எல்லா ஃப்ரேமையும் 32×32 கேன்வாஸில் வைத்து, பாதம் எல்லாவற்றிலும் கீழ் விளிம்பின் நடுவில் ஒரே இடத்தில் இருக்கட்டும். ஏற்றுமதியில் ஓரத்தை வெட்டும் ட்ரிம் தேர்வை அணைத்துவிடுங்கள், ஃப்ரேம்களுக்கு நடுவே ஒரு பிக்சல் இடைவெளியும் விடுங்கள், இல்லாவிட்டால் பக்கத்து ஃப்ரேமின் கோடு சில நேரம் கசியும். கோடோவில் ஆஃப்செட்டை (படத்தின் இட நகர்வை) மேல்நோக்கி 16 வைத்தால் பாதம் மையப்புள்ளியில் உட்காரும், ஒய்-சார்ட் (கீழே நிற்பதை முன்னால் வரையும் தேர்வு) போட்டதும் மரத்துக்குப் பின்னால் போவதும் முன்னால் வருவதும் தானாகச் சரியாகும். பிக்சல் மங்காமல் இருக்க டெக்ஸ்சர் ஃபில்டர் நியரெஸ்ட், ஸ்ட்ரெச் முறை வியூபோர்ட், அளவு முழு எண் மடங்கு. ஸ்ப்ரைட்டை இன்ஜினில் பெருக்குவதும் சுழற்றுவதும் வேண்டாம், ஒரே திரையில் இரண்டு அளவுப் பிக்சல் தெரிந்தால் அதைவிட அசிங்கம் கிடையாது.

இலைநரி:
வலப்பக்கத்தைத் திருப்பினால் கத்தி இடுப்பு மாறுமே?

இரவாந்தை:
மாறும். எத்தனையோ கேம்கள் அப்படியே விட்டிருக்கின்றன, ஆடுகிறவர்களும் கண்டுகொள்வதில்லை. உறுத்தினால் கத்தியை முதுகுப்பக்க இடுப்பின் நடுவுக்கு மாற்றுங்கள், 17 ஃப்ரேம் மிச்சம்.

கட்டப்பூனை:
குதிப்பு நின்றது, நன்றி. கத்தியை முதுகுப்பக்கம் மாற்றிவிட்டேன். இனி ஊர்க்காரர்கள் பன்னிரண்டு பேர். இதே உழைப்பைப் பன்னிரண்டு தடவை போட வேண்டுமா?

பழையகட்டம்:
வேண்டாம். 1992-இல் வந்த மார்ட்டல் காம்பாட் சண்டை கேமில் ஸ்கார்பியனும் சப்-ஸீரோவும் ஒரே உருவம், உடை நிறம் மட்டும் வேறு. உங்களுக்கு இரண்டு உடம்பு போதும், ஒன்று ஒல்லி, ஒன்று பருமன். தலையைத் தனி லேயரில் வையுங்கள். நடக்கும்போது தலை ஒரு பிக்சல் ஏறி இறங்குமே தவிர உரு மாறாது, அதனால் ஒரு ஆளுக்கு மூன்று திசைத் தலை வரைந்தால் போதும். பன்னிரண்டு பேருக்கு 36 சின்னத் தலை. ஆடை நிறத்தைப் பேலட் மாற்றியே பார்த்துக்கொள்ளலாம். கிழவர் ஒருவருக்கு மட்டும் கூன் போட்டுத் தனி உடம்பு வரைந்தால் ஊரே வெவ்வேறு ஆட்கள் மாதிரி தெரியும்.

கட்டப்பூனை:
அடிபடும் ஃப்ரேம் அவர்களுக்கும் வரைய வேண்டுமா?

தூரிகைவால்:
நாயகிக்கே வரைய வேண்டாம் என்பேன். ஒரு ஷேடரால் (நிறத்தை மாற்றும் சின்ன நிரலால்) ஸ்ப்ரைட் முழுவதையும் 80 மில்லிசெகண்ட் வெள்ளையாக்கி இரண்டு பிக்சல் பின்னால் தள்ளினால் அடி விழுந்தது நன்றாகவே தெரியும். ஊர்க்காரர்களை யாரும் அடிக்கப் போவதில்லை என்றால் அதுவும் தேவையில்லை.